பையனை விசாரிக்க வந்தவர்கள்

எங்கள் தெருவுக்கு முன்பின் தெரியாத ஆட்கள் வந்து, ஒரு வீட்டைக் காட்டி, "அந்த வீட்டுப் பையன் எப்படி?" என்று கேட்டால் அது கல்யாண விசாரிப்புத்தான். வேறு எதற்காக யார் வந்து கேட்கப் போகிறார்கள்? கேட்டவுடன் தெரு முழுவதும் ஒரே வாயாகிவிடும். வேலைக்குப் போகாதவன் "சொந்தமாத் தொழில் பாக்கப் போறான்" ஆவான். சண்டைக்காரன் "ரோஷமான பிள்ளை" ஆவான். குடிக்கிறவன்கூட "நாலு பேரோட பழகத் தெரிஞ்சவன்" ஆகிவிடுவான். ஒரு குடும்பம் விளங்குவதைக் கெடுத்த பாவம் நமக்கு எதற்கு என்று எல்லோருக்கும் நினைப்பு.

எனக்கும் அப்படித்தான் விசாரித்துக் கட்டி வைத்தார்கள். நாகலாபுரம் பக்கத்திலிருந்து என் அப்பா இதே தெருவுக்கு வந்து கேட்டார். "மாப்பிள்ள தண்ணியே தொடமாட்டாரு" என்றார்களாம். உண்மைதான். என் வீட்டுக்காரர் செம்பில் வைக்கிற தண்ணீரைத் தொட்டதே இல்லை. மற்றதை விட்டதும் இல்லை. அப்படிச் சொன்னவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். என் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் கஞ்சி கொண்டு வந்து தந்தவர்களும் அவர்களேதான். வீட்டுக்காரர் போன பிறகு தீப்பெட்டிக்கூடு ஒட்டிப் பிழைத்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். வெளியாள் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவேன். அதுவும் இரண்டு வார்த்தைதான்.

பக்கத்து வீட்டுக்கும் எனக்கும் நடுவே ஒற்றைச் சுவர். ஆள் எக்கினால் தலை தெரிகிற உயரம். அந்த வீட்டுக்காரியை வாய்ப்பழக்கத்தில் மதினி என்பேன்; அவள் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போவாள். எங்கள் பக்கம் தீப்பெட்டிக் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்லுவோம். அவள் வீட்டுக்காரர் லாரியோடு போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். ஒரே மகன், இருபதைத் தாண்டியவன். என்னைப் பெரியம்மா என்பான். தண்ணீர் வருகிற நாளில் என் குடத்தையும் வரிசையில் வைத்துப் பிடித்துத் தருவான். கேட்காமலே செய்வான்.

அந்தப் பிள்ளை ஒரு வருடமாகச் சரியில்லை என்பது எனக்குத் தெரியும். பொழுது சாய்ந்ததும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற உடைமரக் காட்டுக்குப் போவான். உடன் இரண்டு மூன்று பேர். திரும்பி வந்தால் காய்ந்த துளசியைக் கொளுத்தியது போல ஒரு வாடை சுவரைத் தாண்டி வரும். ஆளில்லாமல் சிரிப்பான். பிறகு பானையில் இருக்கிற சோற்றை எல்லாம் வழித்துத் தின்பான். அவன் அம்மாவுக்கும் தெரியும். "கால்கட்டு ஒண்ணு போட்டுட்டா சரியாப் போயிருவான்" என்று ஒரு நாள் அவளாகவே சொன்னாள்.

இடையில் கொஞ்ச நாள் ஆளைக் காணவில்லை. "திருப்பூருக்குப் போயிருக்கான், பனியன் கம்பெனிக்கு" என்றாள் மதினி. திரும்பி வந்தபோது கன்னம் ஒட்டி, தலையைக் குனிந்தபடியே திரிந்தான். திருப்பூர் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு நாள் அந்த அம்மா வந்தார்கள். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, தோளில் பை. கூடவே குடை பிடித்துக்கொண்டு வயசான ஆள் ஒருவர். எங்கள் தெருவின் கடைசிப் பாதிக்கு அப்போது தார் போடவில்லை. கரிசல் மண் செருப்போடு அப்பிக்கொண்டு காலை எடுக்கவிடாது. அந்த அம்மா பெட்டிக்கடை முன்னால் நின்று செருப்பைக் கல்லில் தேய்த்துக்கொண்டே, "அந்த வீட்டுப் பையனைப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும்" என்றார்கள்.

கடை அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நல்லா விசாரிங்க தாயி. நம்ம மண்ணு ஒங்கள விடமாட்டேங்குது பாத்தியளா? சகுனமே நல்லாருக்கு."

"பையன் எப்படி?"

"தங்கம். எங்கடையிலதான் பீடி விக்கேன், சிகரெட்டு விக்கேன். திரும்பிக்கூடப் பாக்கமாட்டான்."

அதுவும் உண்மைதான். அவன் குடிப்பதை அண்ணாச்சி கடையில் விற்பதில்லை.

"கூட்டாளிங்க யாரு?"

"கூட்டாளியா? அவனுக்கு அவிய அம்மாவ விட்டா ஆளே கிடையாது. பொண்ணு என்ன படிச்சிருக்கு?"

"எந்தப் பொண்ணு?"

"சரி, சரி. இப்பச் சொல்ல வேண்டாம்" என்று அண்ணாச்சி கண்ணைச் சிமிட்டினார். குடை பிடித்த ஆளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதெல்லாம் பிறகு அண்ணாச்சியே சொல்லி, தெருவே சிரித்த கதை. அன்றைக்குத் தெருவில் யாரும் சிரிக்கவில்லை. கேட்ட வீட்டில் எல்லாம் தங்கம், சொக்கத்தங்கம் என்றே சொல்லி அனுப்பினார்கள்.

கடைசியாக என் வீட்டுக்கு வந்தார்கள். நான் வாசலில் கூடு ஒட்டிக்கொண்டிருந்தேன். எழுந்து கதவுப்பக்கம் ஒதுங்கினேன். அந்த அம்மா தண்ணீர் கேட்டார்கள். செம்பில் கொடுத்தேன். குடித்துவிட்டு, காய வைத்த கூடுகளுக்கு நடுவே இடம் பார்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சேலை பாழாகுமே என்று எனக்குப் பதறியது.

"எல்லாரும் ரொம்ப நல்ல பையன்னு சொல்றாங்கம்மா. நீங்களும் அதைத்தான் சொல்வீங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது முகம் தெரியாத ஒரு பெண் என் மனசில் வந்து நின்றாள். மஞ்சள் கயிற்றோடு வந்து, சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, தனியாகச் சிரிக்கிற புருஷனைப் பார்த்துக்கொண்டு இருக்கப் போகிறவள். அந்தச் சத்தமும் எனக்குத்தான் கேட்கப் போகிறது.

"கஞ்சா குடிக்கான்மா" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அந்த அம்மா அசையாமல் இருந்தார்கள். அதனால் மேலே சொன்னேன். எங்கே போகிறான், எத்தனை நாளாகப் போகிறான், எப்போது திரும்புகிறான். குடம் பிடித்துத் தருவதையும் சொன்னேன். காய்ச்சலில் கிடந்த ஒரு நாள் எனக்குச் சுக்குக் காப்பி போட்டுச் சுவர் மேல் வைத்ததையும் சொன்னேன். "பிள்ள கெட்ட பிள்ள இல்ல. ஆனா இப்பப் பொண்ணு குடுக்காதீங்க."

"இப்பன்னா? அப்புறம் குடுக்கலாமா?"

"விட்டுட்டான்னா குடுக்கலாம்."

"விடுவானா?"

"ஒத்தையில விட்டா விடமாட்டான்."

அந்த அம்மா பையிலிருந்து பேனாவை எடுத்தார்கள். குடைக்காரர்தான் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டார். "ஏம்மா, நாங்க பொண்ணு வீட்டுக்காரவிய இல்ல. கோர்ட்டுலருந்து விசாரிக்கச் சொல்லியிருக்கு. இவிய நன்னடத்தை ஆபீசரு. நான் கூட வந்த பியூன்."

விஷயம் அப்புறம்தான் வந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்ற சைக்கிளைத் தூக்கிப் பழைய இரும்புக்கடையில் போட்டுக் கஞ்சா வாங்கியிருக்கிறான். அவனும் அந்தக் கூட்டத்தில் இன்னொருவனும் பிடிபட்டார்கள். திருப்பூர் என்று மதினி சொன்னது சிறையைத்தான்; ஜாமீனில்தான் வீட்டுக்கு வந்திருந்தான். முதல் தப்பு, சின்ன வயசு என்பதால், உள்ளே தள்ளுவதா, நன்னடத்தையில் வெளியே விடுவதா என்று முடிவு பண்ண ஜட்ஜு ஆள் அனுப்பி விசாரித்திருக்கிறார்.

"நான் சொன்னத எழுதிராதீங்கம்மா."

"எழுதத்தான் வந்தேன்" என்றார்கள். குரலில் கோபம் இல்லை. மண் அப்பிய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு போனார்கள்.

அன்று மதினி வேலைக்குப் போய் வந்ததும் நானே போய்ச் சொன்னேன். அவள் அடுப்பு முன்னால் இருந்தாள். முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றாள்.

"ஊரே தங்கம்னு சொல்லியிருக்கு. நாக்குல எறும்பு கடிச்சாக்கூட கத்தமாட்டியே நீ. எம்பிள்ளைக்குன்னு மட்டும் ஒனக்கு எங்கருந்துடி வந்துச்சு பேச்சு?"

மகன் உள்ளே கட்டிலில் படுத்திருந்தான். கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பான். திரும்பிப் படுத்தான்.

அதன் பிறகு குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றுவிடும். "பாத்துப் பேசுங்கட்டி. இங்கன கோர்ட்டு தண்ணி புடிக்குது" என்று ஒருத்தி சொல்ல, குடங்களுக்கு மேலே சிரிப்பு. கோர்ட்டு என்பது எனக்குப் பட்டப் பெயராகிவிட்டது. என் குடத்தை அவன் பிடித்துத் தரவில்லை. அது சரிதான் என்று நானே தூக்கினேன். அந்தப் பெயரோ தண்ணீரோ எனக்குப் பாரமாக இல்லை. என் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையால் ஒரு பிள்ளை கம்பிக்குப் பின்னால் போய்விடுவானோ என்பதுதான் பாரம்.

தீர்ப்பு நாளில் யாரிடமும் சொல்லாமல் கோர்ட்டுக்குப் போனேன். வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் மதினி நின்றாள், இந்தப் பக்கம் நான். அவன் பெயரைக் கூப்பிட்டதும் அவள் உள்ளே ஓடினாள். நான் ஜன்னலோரம் நின்றேன். உள்ளே பேசியதில் எனக்குப் பாதி விளங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மதினி வெளியே வந்தாள். பின்னால் மகனும் வந்தான். கையில் விலங்கு இல்லை, பக்கத்தில் போலீஸ் இல்லை.

ஒரு வருடம் அந்த அம்மாவின் கண்காணிப்பில் வீட்டிலேயே இருக்கலாம் என்று தீர்ப்பு. அந்த அம்மாவே வெளியே வந்து எங்கள் இருவரையும் சேர்த்து நிறுத்தினார்கள். மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எல்லாத் தெருவிலயும் என்னைப் பொண்ணு வீடுன்னுதான் நினைப்பாங்க. பையன் பேரு கெட்டுடக் கூடாதுன்னு நானும் திருத்துறதில்லை. ஆனா ஊரே நல்லவன்னு சொன்னா, நான் யாரை நம்பி இவனைத் தெருவுல விட? இவனை உள்ளபடி பாக்குறவங்க ஒருத்தர் பக்கத்துலயே இருக்காங்கன்னு எழுதினேன்" என்றார்கள்.

என்னைப் பார்த்து இன்னொன்றும் சொன்னார்கள். "நீங்க அவனுக்குக் காவல் இருக்க வேண்டாம். பின்னாடியே போக வேண்டாம். நான் வந்து கேக்கும்போது உள்ளதைச் சொன்னாப் போதும். சொல்லுவீங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்."

இதை அவன் கேட்டுக்கொண்டு நின்றான். மறுநாள் காலையில் சுவருக்கு மேலே தலை வந்தது. வந்து என்னை முறைத்தது.

"என்ன பெரியம்மா, இன்னைக்கு நான் எப்படி? பொண்ணு குடுக்கலாமா?"

நக்கல்தான். நான் பசைக்கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, "இன்னைக்கு இன்னும் விடியவே இல்லயே" என்றேன். தலை இறங்கிவிட்டது. மறுநாளும் வந்தது. அப்படியே வழக்கமாகிவிட்டது. முந்தின நாள் காட்டுப்பக்கம் போகாமல் இருந்தால், "குடுக்கலாம்" என்பேன். தூக்கம் வராமல் முற்றத்தில் நடந்து, அம்மாவிடம் எரிந்து விழுந்த நாட்களும் உண்டு. அன்றைக்கு, "குடுக்கலாம், ஆனா பொண்ணு பாவம்" என்பேன். ஒரு தடவை சிரித்துவிட்டான். கஞ்சா இல்லாத சிரிப்பு. அதைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்ட மதினி, அன்று மாலை ஒன்றும் பேசாமல் ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பைச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

பழைய கூட்டாளிகள் சும்மா விடவில்லை. சைக்கிளில் வந்து தெருமுனையில் நின்று விசிலடிப்பார்கள். நான் அப்போது காயப் போட்ட கூடுகளை அள்ளுகிற சாக்கில் வாசலில் வந்து நிற்பேன். அவர்களை ஒன்றும் சொல்லமாட்டேன், சொல்லவும் வராது. வெறுமனே நிற்பேன். "ஏலே, கோர்ட்டு நிக்கிதுலே" என்று போய்விடுவார்கள். பட்டப் பெயருக்கும் ஒரு உபயோகம் இருந்தது.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலில் சறுக்கிவிட்டான். ஊரெல்லாம் சீரியல் லைட்டும் மைக் செட்டுமாக இருந்தது. யார் கூப்பிட்டார்களோ, எங்கே போனானோ. இராத்திரி அந்தப் பழைய வாடை சுவரைத் தாண்டி வந்தது. மறுநாள் காலையில் சுவருக்கு மேலே தலை வந்தது. ஆனால் கேள்வி வரவில்லை. அன்றைக்கு அந்த அம்மா வருகிற நாளாக வேறு போய்விட்டது.

"சொல்லாதீங்க பெரியம்மா" என்றான். "சொன்னா என்னைய உள்ள போட்டுருவாவ."

நான் பசையைக் கிண்டிக்கொண்டே இருந்தேன். சொல்லாமல் இருந்தால் இந்தச் சுவர்ப் பேச்சுக்கு இனி அர்த்தமில்லை. சொன்னால் அவன் சொன்னதே நடந்தாலும் நடக்கும். இரண்டும் எனக்குத் தெரிந்தது. கை மட்டும் கிண்டிக்கொண்டே இருந்தது, பசை கட்டிதட்டிப் போகும் வரைக்கும்.

அந்த அம்மா வந்து எப்போதும் போலத் தரையில் உட்கார்ந்தார்கள். "எப்படி இருக்கான்?" என்றார்கள். தலை குனிந்து நின்றேன். அப்போது சுவரை ஏறிக் குதித்து அவனே வந்தான். எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அந்த அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னான்.

"இந்த மாசம் பொண்ணு குடுக்க முடியாதுன்னு சொல்லுங்க பெரியம்மா."

அந்த அம்மாவுக்கு அந்த விளையாட்டு ஏற்கனவே தெரியும். அவர்களுக்குக் கண் கலங்கினாற்போல இருந்தது. ஆனால் உடனே வேலைப் பேச்சுக்கு வந்துவிட்டார்கள். எங்கே வைத்து, யாரோடு, எந்த நேரத்தில் என்று கேட்டார்கள். உள்ளே போட வேண்டும் என்ற பேச்சையே எடுக்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். தூக்கத்துக்கும் படபடப்புக்கும் கொஞ்ச நாள் மருந்து கொடுத்தார்கள். வேலையில்லாத சாயங்காலம்தான் அவனுக்கு எமன் என்று பார்த்து, எட்டயபுரம் ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லி வைத்தார்கள். பட்டறைக்குப் போகத் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டியதில்லை. அந்த அம்மா அதையும் யோசித்துத்தான் பார்த்திருக்கிறார்கள். முதலாளியிடம் கேஸைப் பற்றி அவனையே சொல்ல வைத்தார்கள். "சைக்கிளத் தூக்கினவனுக்குக் இரும்புக் கேட்டத் தூக்கவா கஷ்டம்?" என்று கேட்டுவிட்டு அவர் வேலையில் சேர்த்துக்கொண்டாராம்.

வெல்டிங் வெளிச்சம் பட்டு இராத்திரி கண்ணெரிச்சலோடு வருவான். அவன் அம்மா தெருவில் பிள்ளை பெற்றவளிடம் தாய்ப்பால் கேட்டு வாங்கி வந்து கண்ணில் விடுவாள். அப்படியே விழுந்து தூங்குவான். ஒரு வருடம் முடிந்தது. அந்த அம்மா கடைசித் தடவையாக வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். அவன் மட்டும் காலையில் கேட்பதை விடவில்லை.

அவனோடு பிடிபட்ட இன்னொரு பையனை அவன் மாமன்மார் ஜாமீனில் எடுத்த கையோடு கால்கட்டுப் போட்டார்கள். அந்தத் தெருவிலும் தங்கம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவன் திரும்பத் திரும்ப உள்ளே போய் வந்தான். அவனுக்குக் கட்டி வைத்த பெண்ணை ஒரு நாள் சந்தையில் பார்த்தேன். இடுப்பில் பிள்ளை, கையில் பழைய கட்டைப்பை.

இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு மாசி மாதம். வெயிலில் தெருமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்திலிருந்து புருஷனும் பெண்சாதியுமாக இரண்டு பேர் வந்தார்கள். பெட்டிக்கடையில் நிற்காமல், எந்த வீட்டிலும் நிற்காமல், நேராக என் வாசலுக்கு வந்தார்கள். நான் கதவுப்பக்கம் ஒதுங்கினேன்.

"பட்டறையில வச்சுப் பையன்கிட்டயே பேசினோம்" என்றார் அவர். "ஒங்க வீட்டுல கேட்டுட்டு அப்புறம் எங்கன வேணும்னாலும் கேளுங்கன்னு சொல்லிட்டான். அதான் வந்தோம்."

சுவருக்கு அந்தப் பக்கம் மதினி பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சைக்கிளைச் சொன்னேன், கஞ்சாவைச் சொன்னேன், சிறையைச் சொன்னேன். பங்குனிப் பொங்கலைச் சொன்னேன். குடம் பிடித்ததையும் சுக்குக் காப்பியையும் சொன்னேன். அந்த மனுஷர் முகம் இறுகிக்கொண்டே வந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். அந்தப் பெண்சாதி மட்டும் எழவில்லை.

"இப்ப எப்படி இருக்கான்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"நடுவுல இந்த ஒத்தச் சுவருதான்."

"ஒங்க மகளா இருந்தா?"

எனக்குப் பிள்ளை இல்லை. இருந்தாலும் அந்தக் கேள்விக்கு எனக்குப் பழக்கம் இருந்தது. எத்தனையோ காலையில் கேட்ட கேள்விதானே.

"குடுக்கலாம்" என்றேன்.

அவர் வெயிலில் இறங்கி நடந்துவிட்டார். அவள் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். போகும்போது என் பக்கம் குனிந்து, புருஷன் காதில் விழாமல் சொன்னாள். "எங்க மூத்தவளுக்கு விசாரிக்கப் போன ஊருல எல்லாரும் தங்கம்னாக. அவ படுற பாடு எனக்குத்தான் தெரியும். இங்க ஒரு வீட்டுல குறை சொன்னதக் கேக்கவும்தான் எனக்கு மூச்சு வருது. அவியகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

வைகாசியில் கல்யாணம் நடந்தது. மருமகள் வந்த மூன்றாம் நாள் காலையில் சுவருக்கு மேலே ஒரு தலை வந்தது. அவன் தலை இல்லை. பூ வைத்த தலை.

"பெரியத்த, இன்னைக்கு அவிய எப்படின்னு ஒங்ககிட்ட கேக்கணுமாமே?"

உள்ளேயிருந்து மதினி சத்தமாகச் சிரித்தாள். நான் பசைக்கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

"இனிமே நீதான் சொல்லணும்" என்றேன்.